ராணுவ ரேஷன் நொறுக்குத்தீனிகளை வாங்கி, சுவைத்து, ஒப்பிடுவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

ராணுவ ரேஷன் என்பது களத்தில் இருக்கும் வீரர்களுக்காகக் கட்டித் தரும், நீண்ட நாள் கெடாத உணவுப் பொதி. அமெரிக்க ராணுவத்தின் கிராக்கரையும் ஜெர்மன் ராணுவத்தின் கெட்டி பிஸ்கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்டால், பெரும்பாலும் ஜெயிப்பது நாடு அல்ல, தேதிதான். ஆறு மாதத்துக்கு முந்தைய பாக்கெட்டையும் ஆறு வருடம் வெயிலில் கிடந்த பாக்கெட்டையும் ஒப்பிட்டுவிட்டு, "இந்த நாட்டுக்காரனுக்குச் சமைக்கவே தெரியவில்லை" என்று தீர்ப்பு எழுதுபவர்கள் நிறைய. இந்த வழிகாட்டியில் தேதி, சேமிப்பு, சுங்கம் ஆகியவற்றுக்குப் போகும் இடம் சுவைப்பதற்குப் போகும் இடத்தைவிட அதிகமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். அவற்றைச் சரிசெய்யாமல் சுவைப்பது வீண்செலவு.

1. ஒரே ஒரு வகையை எடுத்துக்கொள்ளுங்கள்

"எல்லா நாட்டு ரேஷனும்" என்று தொடங்காதீர்கள். பணமும் போகும், நாக்கும் மரத்துப்போகும். கீழே உள்ளவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

கெட்டி பிஸ்கட், கிராக்கர்: தொடங்க இதுவே சிறந்த இடம். ஏறக்குறைய எல்லா ராணுவங்களிடமும் உண்டு, விலை குறைவு, இறைச்சி இல்லாததால் சுங்கத்தில் சிக்கல் குறைவு, நீண்ட நாள் தாங்கும். ஜெர்மன் வீரர்கள் பான்சர்கெக்ஸ் என்று கேலியாக அழைக்கும் கெட்டி பிஸ்கட், போலந்தின் எஸ்.யூ. 1, எஸ்.யூ. 2 வகைகள், ஜப்பானின் கன்பான், தென்கொரியாவின் கன்ப்பாங், சீனாவின் 761 அழுத்த பிஸ்கட், அமெரிக்க கிராக்கர், பிரிட்டிஷ் பழுப்பு பிஸ்கட் என்று ஏழெட்டு நாடுகள் எளிதில் தேறிவிடும்.

தடவிச் சாப்பிடுபவை: அமெரிக்காவின் ஹலபேன்யோ (மிளகாய்) சீஸ், கடலை வெண்ணெய், பிரெஞ்சு பாத்தே (இறைச்சி மசியல்), ஆஸ்திரேலியாவின் வெஜிமைட் (ஈஸ்ட்டில் செய்த உப்புப் பசை), குழாயில் அடைத்த கெட்டிப்பால், ரஷ்யாவின் ஆப்பிள் ஜாம். சுவாரசியமான வகை. ஆனால் பாலும் இறைச்சியும் வருவதால் சுங்கத்தில் அதிகம் மாட்டுவதும் இதுதான்.

சாக்லேட், இனிப்புக் கட்டி, மிட்டாய்: வாங்குவது சுலபம், ஒப்பிடுவது கடினம். அமெரிக்க, கனடியப் பொதிகளில் உள்ள மிட்டாய்களில் பல, கடையில் கிடைக்கும் அதே சரக்குதான். எம் அண்ட் எம்ஸை ராணுவ உறையிலிருந்து எடுத்துச் சுவைப்பதால் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

பானப் பொடிகள்: கடைசிக்கு விட்டுவிடுங்கள். எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறோம் என்பதிலேயே சுவை தலைகீழாக மாறிவிடும்.

2. எந்தப் பொதி எத்தனை வேளைக்கு என்று பாருங்கள்

இங்கே பலரும் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஆர்.இ. (சமைக்காமல் அப்படியே சாப்பிடும் ராணுவப் பொதி) ஒரு வேளை உணவு. ஏறத்தாழ 1,250 கலோரி, எடை அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோவுக்குள். கனடாவின் ஐ.எம்.பி.யும் ஒரு வேளைக்குத்தான். பிரான்ஸின் ஆர்.சி.ஐ.ஆர்., பிரிட்டனின் 24 மணி நேரப் பொதி, ஜெர்மனியின் ஐன்மன்பக்குங், இத்தாலியின் பொதி, ரஷ்யாவின் ஐ.ஆர்.பி. ஆகியவை ஒரு நாள் முழுவதற்கும். பிரெஞ்சுப் பொதி ஏறத்தாழ 3,200 கலோரி, பிரிட்டிஷ் பொதி ஏறத்தாழ 4,000.

ஆகவே "பிரெஞ்சுப் பொதியில் எத்தனை இனிப்பு, அமெரிக்கப் பொதியில் ரெண்டே ரெண்டு" என்ற ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. எண்ணிக்கையை விடுங்கள். 100 கிராமுக்கு என்று மட்டும் கணக்கிடுங்கள். விலையும் அப்படியே.

3. முழுப் பொதியா, உதிரியா, பொதுமக்கள் பதிப்பா?

வாங்க மூன்று வழிகள் உண்டு.

முழு ராணுவப் பொதி: அசல். விலை அதிகம், எடை அதிகம், உங்களுக்குத் தேவையில்லாத பிரதான உணவு, அடுப்பு, எரிபொருள் எல்லாம் சேர்ந்து வரும். அமெரிக்கப் பெட்டிகளின் மேல், இது அரசு உடைமை, வணிக நோக்கில் மறுவிற்பனை சட்டவிரோதம் என்று அச்சிட்டிருப்பார்கள். ரஷ்யப் பெட்டிகளிலும் விற்பனைக்கல்ல என்ற வாசகம் இருக்கும். விற்பவர் சொல்லும் சமாதானம் எதுவானாலும், உங்கள் நாட்டுச் சுங்க அதிகாரி அந்த வாசகத்தைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கலாம்.

உதிரி பாக்கெட்: விற்பவர் பொதியைப் பிரித்து கிராக்கர், சீஸ், கேக் என்று தனித்தனியாக விற்பது. நொறுக்குத்தீனி மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே சிக்கனம். ஆனால் பெட்டியோடு வரும் தேதி, வெப்பக் காட்டி (பெட்டி பட்ட சூட்டை நிறமாற்றத்தால் காட்டும் ஒட்டுச்சீட்டு) எல்லாம் இதில் போய்விடும். பழைய சரக்கைத் தள்ளிவிடுவதற்கு இதைவிட வசதியான வழி கிடையாது.

பொதுமக்கள் பதிப்பு: ராணுவத்துக்குத் தயாரிக்கும் நிறுவனங்களே வெளிச்சந்தைக்கும் தயாரிப்பவை. அமெரிக்காவில் சோபாக்கோ, அமெரிகுவால், வோர்னிக் ஆகியவற்றுக்கு இப்படிப் பதிப்புகள் உண்டு. கன்பானும் கன்ப்பாங்கும் அந்தந்த நாட்டுக் கடைகளில் சாதாரணமாக விற்பவை. முதல்முறை இறங்குபவர்கள் இதில் தொடங்குவதே நல்லது. உள்ளே இருப்பது ராணுவப் பொதியில் இருப்பதோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகாது. ஆனால் தேதி தெளிவாக இருக்கும், சட்டச் சிக்கல் இருக்காது.

"மிலிட்டரி ஸ்டைல்" என்று எழுதியவற்றைத் தொடாதீர்கள். அது வெறும் பச்சை நிற உறை.

4. ஆவணங்கள்: சுங்கத்தில் நிற்காமல் வருவதற்கு

பணம் கட்டும் முன் உங்கள் நாட்டு உணவு இறக்குமதி விதிகளில் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். தனிநபர் பயன்பாட்டுக்கு அஞ்சலில் உணவு வரலாமா? இறைச்சி வரலாமா? பால்பொருள் வரலாமா? ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து தனிநபர்கள் இறைச்சியும் பால்பொருளும் தருவிக்கப் பொதுவாக அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவின் உயிரியல் பாதுகாப்புச் சோதனை இன்னும் கடுமையானது. பாத்தே, உலர் மாட்டிறைச்சி, சீஸ் இவற்றில் ஏதேனும் ஒன்று உள்ளே இருந்தால் முழுப் பெட்டியையும் அழித்துவிடும் இடங்கள் உண்டு. அதில் இருந்த பிஸ்கட்டும் சேர்ந்தே போகும்.

கையில் இருக்க வேண்டியவை:

- விலை, எண்ணிக்கை, எடை மூன்றும் உள்ள விலைப்பட்டியல். "ராணுவ உணவு 1 பெட்டி" என்று ஒரே வரியில் எழுதியது போதாது. கோதுமை பிஸ்கட் 12, ஜாம் 6 என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.
- உறையின் பின்பக்கத்தில் உள்ள உட்பொருள் பட்டியலின் தெளிவான படம். அயல்மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.
- இறைச்சி, பால், மது, எரிபொருள் இல்லை என்று விற்பவர் எழுதித் தந்த மின்னஞ்சல்.
- பணம் கட்டிய ரசீது. விலைப்பட்டியலில் உள்ள தொகையும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். வரி குறையும் என்று மதிப்பைக் குறைத்து எழுத விற்பவர் முன்வந்தால் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் அபராதம் உங்கள் தலையில்தான் விழும். சரக்கு தொலைந்தாலும் அந்தக் குறைத்த தொகைதான் கிடைக்கும்.

இத்தாலியப் பொதியில் ஒரு தனிப் பொறி இருக்கிறது. கோர்தியாலே என்ற மதுபானம் சிறு பாக்கெட்டாக உள்ளே வரும். மதுவுக்குத் தனி வரியோ தடையோ உள்ள நாடுகளில், அந்த ஒரு மிடறு பானத்துக்காக மொத்தப் பொதியும் நின்றுபோகும். எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து, சூடாக்கும் பொருள்கள். எம்.ஆர்.இ.யில் வரும் தீயில்லாச் சூடாக்கியில் மக்னீசியம், இரும்புத் தூள், உப்பு இருக்கும். தண்ணீர் பட்டதும் வெப்பத்தோடு ஹைட்ரஜனும் வெளிவரும். பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யப் பொதிகளில் எரிவில்லையோ (மாத்திரை வடிவ திட எரிபொருள்) தீக்குச்சியோ இருக்கலாம். இவை எல்லாமே விமானச் சரக்கில் அபாயப் பொருள்கள். நொறுக்குத்தீனிக்குச் சூடே தேவையில்லை. "சூடாக்கி, எரிவில்லை, தீக்குச்சி மூன்றையும் எடுத்துவிட்டு அனுப்பவும்" என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். அனுப்பும் இடத்திலேயே பார்சல் திரும்பிப்போவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

5. செலவு

பொருளின் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். பிரெஞ்சுப் பொதி ஒன்று ஒன்றரை கிலோவைத் தொடும். 12 எம்.ஆர்.இ. கொண்ட பெட்டி ஏறத்தாழ 10 கிலோ. சரக்குக் கட்டணம் பொருளின் விலையைத் தாண்டுவது சாதாரணம்.

கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 40 × 30 × 25 அளவுள்ள பெட்டி 6 கிலோவாகக் கணக்கிடப்படும், உள்ளே 2 கிலோ கிராக்கர்தான் இருந்தாலும். பிஸ்கட் நொறுங்கக்கூடாது என்று பெரிய பெட்டியில் காற்றுத் தலையணை திணித்து அனுப்பும் நல்ல மனசுக்காரர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பல நாடுகளில் சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மொத்தத்துக்கும் போடப்படும். அதற்கு மேல் கூரியரின் கையாளும் கட்டணம் தனி. இவை அனைத்தையும் கூட்டி, கிடைக்கும் நொறுக்குத்தீனியின் கிராம் கணக்கால் வகுத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் கூட்டாளி தேடுவார்கள். நான்கு பேர் சேர்ந்து வாங்குவதே சரியான அளவு. சுவைப்பவர்களும் அவர்களே ஆகிவிடுவார்கள்.

6. காலம்

மிக மெதுவாக வரக்கூடியதை முதலில் ஆர்டர் செய்யுங்கள். கடல்வழி அஞ்சல் மாதக்கணக்கில் எடுக்கும். விமான அஞ்சலில் வந்தாலும் சுங்கத்தில் கிடக்கும் நாட்களைக் கணிக்க முடியாது. எல்லாப் பொதியும் வந்து சேரும்வரை ஒன்றையும் பிரிக்காதீர்கள். முதலில் வந்ததை அன்றே தின்றுவிட்டு, இரண்டு மாதம் கழித்து வந்ததை நினைவிலிருந்து ஒப்பிடுவது ஒப்பீடு ஆகாது.

அனுப்பும் இடம், வரும் வழி, சேரும் இடம் மூன்றில் எங்கேனும் கடும் கோடை என்றால் சாக்லேட்டையும் சீஸையும் தள்ளிப்போடுங்கள்.

7. தேதியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அமெரிக்க பாக்கெட்டுகளில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். மீதி மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 2145 என்றால் 2இல் முடியும் ஆண்டின் 145ஆம் நாள். 2022 என்றால் மே 25. ஆனால் 2012 ஆகவும் இருக்கலாம் (லீப் ஆண்டு என்பதால் மே 24). பத்தாண்டு எது என்று அந்த எண் சொல்லாது, விற்பவரும் சொல்லமாட்டார். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. எம்.ஆர்.இ.யின் 24 உணவுப் பட்டியல்களில் (ஒரு பொதிக்கு ஒரு பட்டியல்) ஆண்டுதோறும் சில மாறும். உறையில் உள்ள பட்டியல் எண்ணையும் பிரதான உணவின் பெயரையும் ஆண்டுவாரிப் பட்டியலோடு ஒப்பிட்டால் பத்தாண்டு வெளிப்பட்டுவிடும். உதிரி பாக்கெட்டில் இந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. ஆகவே உதிரி வாங்கும்போது, அது எடுக்கப்பட்ட வெளிஉறையின் படத்தையும் கேளுங்கள்.

அந்த நான்கு இலக்க எண் தயாரித்த தேதி, காலாவதித் தேதி அல்ல. ரஷ்யப் பொருள்களிலும் பெரும்பாலும் தயாரிப்புத் தேதியைக் காணலாம். அதைக் காலாவதி என்று நினைத்து நல்ல பொதியைத் தூக்கி எறிபவர்களும் உண்டு. காலாவதியைத் தயாரிப்பு என்று நினைத்து விழுங்குபவர்களும் உண்டு. கைபேசிக் கேமராவின் மொழிபெயர்ப்பு வசதி இந்த வேலைக்குப் போதும். தேதி எண்ணை மட்டும் பார்க்காமல் அதன் பக்கத்தில் உள்ள சொற்களையும் சேர்த்துப் படியுங்கள்.

ஐரோப்பாவில் நாள், மாதம், ஆண்டு. ஜப்பானில் ஆண்டு, மாதம், நாள். அமெரிக்க வணிக மிட்டாய்களில் மாதம், நாள், ஆண்டு. 05.06.26 என்ற ஒரே எண் மூன்று இடத்திலும் மூன்று வெவ்வேறு நாள்.

இனி வெப்பம். எம்.ஆர்.இ. 27 டிகிரி செல்சியஸில் குறைந்தது மூன்று ஆண்டு தாங்கும்படி செய்யப்படுகிறது. 38 டிகிரியில் அதே பெட்டிக்கு ஆயுள் சில மாதங்கள்தான். எனவே தேதி புதியது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. எம்.ஆர்.இ. ராணுவப் பெட்டியின் வெளிப்புறத்தில் வெப்பக் காட்டி ஒட்டியிருக்கும்: ஒரு வளையம், நடுவில் ஒரு வட்டம். நடுவட்டம் வெளிவளையத்தைவிட வெளிறியிருந்தால் நல்லது. இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டால் பெட்டி ஆயுளின் கரையைத் தொட்டுவிட்டது. நடுவட்டம் கறுத்திருந்தால் வேண்டாம்.

ஒப்பீட்டுக்குக் கண்டிப்பான ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: எல்லா மாதிரிகளும் தயாரித்து ஒரு வருடத்துக்குள் அடங்க வேண்டும். முடியாவிட்டால், ஒவ்வொன்றின் வயதையும் மாதக் கணக்கில் மதிப்பெண் தாளிலேயே எழுதுங்கள்.

8. விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள்

பெட்டியின் நான்கு பக்கம், வெப்பக் காட்டி, தேதி முத்திரையின் அருகாமைப் படம், உறையின் மேல், கீழ் ஒட்டுகள். ஒட்டு கோணலாக இருந்தாலோ, டேப் போட்டிருந்தாலோ, வெளிஉறையின் தேதியும் உள்ளே இருப்பதன் தேதியும் பல ஆண்டு விலகியிருந்தாலோ அது பிரித்து மறுபடி கட்டிய சரக்கு. "மாதிரிப் படம்தான்" என்ற பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

9. வந்ததும் முதலில் சோதனை

உப்பிய பை, உப்பிய டப்பா, கசிவு, மடிப்பில் விரிசல், துரு தின்ற மூடி: இதில் எது இருந்தாலும் பிரிக்காமலே குப்பைக்குப் போகட்டும். குறைந்த அமிலமுள்ள பாத்தே, சீஸ், இறைச்சி வகைகளில் பொட்டுலிசம் (பாக்டீரியா உண்டாக்கும் கொடிய உணவு நஞ்சு) உயிருக்கே ஆபத்து. அது வாசனையில் தெரியாமலும் இருக்கலாம். "ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கலாமே" என்ற ஆர்வத்துக்கு இங்கே இடமில்லை. பழைய ரேஷனைத் தின்று காட்டும் காணொளிகளைப் பார்த்து யாரும் வீரம் காட்ட வேண்டாம்.

கெட்டது போலத் தோன்றிக் கெடாதவையும் உண்டு. சாக்லேட்டின் மேல் வெள்ளைப் படலம், கொழுப்பு மேலெழுந்து உறைந்தது; பார்க்க அசிங்கம், தின்னலாம், ஆனால் மொறுமொறுப்பு போயிருக்கும். கடலை வெண்ணெயில் எண்ணெய் பிரிவது இயல்பு. சீஸ் கொஞ்சம் பழுப்பேறியிருந்தால் வெப்பமும் வயதும் சேர்ந்து செய்த வேலை. உடனே ஆபத்து இல்லை, ஆனால் ஒப்பீட்டுக்குத் தகுதியில்லை. காறல் வாடை அடிக்கும் கடலை, பிஸ்கட், கேக் எல்லாம் ஒதுக்கப்பட வேண்டியவை.

தேறியவற்றை அறை வெப்பத்தில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். குளிர்ந்த சாக்லேட்டும் வெதுவெதுப்பான சாக்லேட்டும் வேறு வேறு பண்டம்.

10. யார் எதைச் சாப்பிடக்கூடாது

சுவைப்பவர்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கடலை, பால், கோதுமை, சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ரேஷன் பொதி கண்ணிவெடி மாதிரி. மிட்டாயிலும் மெல்லும் மிட்டாயிலும் விலங்கு ஜெலட்டின் இருக்கலாம். பாத்தேயும் ஈரல் மசியலும் பெரும்பாலும் பன்றி இறைச்சி. சைவமோ ஹலாலோ வேண்டுமானால் தேடிப்பிடிக்க முடியும்: அமெரிக்காவின் 24 பட்டியலில் நான்கு சைவம், பிரிட்டனில் சைவம், ஹலால், சீக்கிய/இந்துப் பட்டியல்கள் தனித்தனியாக உண்டு.

சில அமெரிக்கப் பொதிகளில் வரும் காஃபீன் சூயிங்கம்மில் ஒரு துண்டுக்கு 100 மில்லிகிராம் காஃபீன். ஒரு கோப்பை காபிக்குச் சமம். மாலையில் மூன்று துண்டு மென்றால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சாதாரண எம்.ஆர்.இ. கம்மில் பேதி மருந்து கலக்கிறார்கள் என்பது கதை. அதில் இனிப்புக்கு சைலிட்டால் இருப்பது நிஜம். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், நாய்களுக்கு அது விஷம்.

11. மேசையை அமைத்தல்

ஒரு அமர்வுக்கு ஆறு மாதிரி, மிஞ்சினால் எட்டு. அதற்கு மேல் போனால் கடைசி மாதிரிகளுக்குக் கிடைப்பது களைத்த நாக்கின் மதிப்பெண்.

தேவையானவை: ஒரு கிராம் துல்லியமாவது காட்டும் தராசு, ஒரே மாதிரி வெள்ளைக் கிண்ணங்கள், கத்தரிக்கோல், அறை வெப்பத் தண்ணீர், துப்ப ஒரு காகிதக் கோப்பை, பென்சில், தாள்.

சுவைக்காத ஒருவர் உள் அறையில் பாக்கெட்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 5 முதல் 10 கிராம் கிண்ணத்தில் வைத்து, 417, 862 போன்ற மூன்று இலக்க எண் கொடுக்க வேண்டும். 1, 2, 3 என்றோ அ, ஆ, இ என்றோ கொடுத்தால் முதலாவதே நல்லது என்ற எண்ணம் தானாக வந்துவிடும். உறையைக் கண்ணில் காட்டவே கூடாது. பச்சை உறையும் ராணுவ எழுத்தும் பார்த்தவுடன் மதிப்பெண் ஏறிவிடலாம். வரிசை ஆளுக்கு ஆள் மாறட்டும். காரம், காபி, புதினா மட்டும் எல்லாருக்கும் கடைசியில்.

இரண்டு மாதிரிக்கு இடையே தண்ணீரில் வாய் கொப்பளித்து ஒரு நிமிடம் விடுங்கள். பிஸ்கட்டை ஒப்பிடும்போது வாயைச் சுத்தம் செய்ய பிஸ்கட்டையே கொடுப்பவர்களும் உண்டு. ஆப்பிள் துண்டு போதும்.

12. ஒவ்வொன்றையும் எப்படிச் சுவைப்பது

கெட்டி பிஸ்கட்டை முன்பல்லால் கடிக்காதீர்கள். பல் அடைத்தவர்கள், செயற்கைப் பல் வைத்தவர்கள் கையால் உடைத்து, சிறு துண்டைக் கடைவாயில் வைத்து எச்சிலில் ஊறவிட வேண்டும். முதல் பத்து நொடியில் மரக்கட்டை, பிறகுதான் மாவின் இனிப்பு வெளிவரும். இரண்டு முறை சுவையுங்கள்: ஒரு முறை உலர்ந்ததாக, ஒரு முறை தேநீரில் தோய்த்து. இரண்டாவது சுற்றில் தரவரிசை முழுக்க மாறுவதைப் பார்க்கலாம்.

அமெரிக்க கிராக்கர் காற்றை உறிஞ்சி எடுத்த உறையில் வரும். உறையை ஓரத்தில் வெட்டுங்கள். நடுவில் பிடித்து இழுத்தால் தூள்தான் மிஞ்சும்.

சீன அழுத்த பிஸ்கட்டைத் தண்ணீரில்லாமல் தொடாதீர்கள். பார்க்கச் சிறியது, அடர்த்தி மிக அதிகம், வயிற்றில் ஊறி உப்பும். ஒரு அமர்வில் 20, 30 கிராமுக்கு மேல் வேண்டாம். 761க்குப் போலிகளும் உலவுகின்றன. தயாரிப்பாளர் பெயரும் தேதியும் இல்லாத உறையை ஒதுக்குங்கள்.

கன்பான், கன்ப்பாங் பாக்கெட்டுகளில் சிறு சர்க்கரை மிட்டாய்கள் சேர்ந்து வரும். அவை இனாம் அல்ல. எச்சில் ஊறச் செய்து பிஸ்கட்டை உள்ளே இறக்கத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு மிட்டாயும் ஒரு பிஸ்கட்டும் சேர்த்துச் சுவைத்ததற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். தனி பிஸ்கட்டை மட்டும் பார்த்து "காய்ந்த மண்" என்று எழுதுவது அநியாயம்.

தடவுபவற்றைப் பிரிப்பதற்கு முன் பையோடு ஒரு நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். பிசையாவிட்டால் முதல் ஆளுக்கு எண்ணெயும் கடைசி ஆளுக்குக் களிமண்ணும் போகும். எல்லாவற்றையும் உப்பில்லாத ஒரே கிராக்கரின் மேல், ஒரே அளவில் (5 கிராம் சரியாக இருக்கும்) தடவுங்கள். வெஜிமைட் மட்டும் விதிவிலக்கு. அதை மெல்லிய படலமாகத்தான் தடவ வேண்டும். கடலை வெண்ணெய் மாதிரி அப்பிக்கொண்டால் உப்பில் நாக்கு எரிந்து அடுத்த அரை மணி நேரம் எதுவும் தெரியாது. ஆகவே அதையும் கடைசிக்குத் தள்ளுங்கள்.

ராணுவ சாக்லேட்டுகளில் பல வெயிலில் உருகாமல் இருக்கும்படி செய்யப்பட்டவை. வாயிலும் மெதுவாகத்தான் உருகும்; மெழுகு மாதிரி என்று புகார் சொல்வதற்கு முன் அரை நிமிடம் நாக்கில் வைத்திருங்கள். கூடவே ஒரு சோதனை: ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை 40 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, எது உருவம் காக்கிறது என்று பாருங்கள். சுவையில் தோற்ற சாக்லேட் இங்கே ஜெயிக்கும். அதன் வேலையே அதுதானே.

பானப் பொடிக்கு உறையில் உள்ள அளவை அப்படியே பின்பற்றுங்கள், கண்ணளவு வேண்டாம். பால் கலந்த பானத்தைக் கலக்கியவுடன் குடியுங்கள், மேசையில் விட்டுவைக்காதீர்கள்.

13. மதிப்பெண்

ஒன்பது புள்ளி அளவுகோலைப் பயன்படுத்துங்கள்: 1 அறவே பிடிக்கவில்லை, 5 இரண்டுங்கெட்டான், 9 மிகமிகப் பிடித்தது. வீரர்களுக்கு எந்த உணவு பிடிக்கிறது என்று அளக்க அமெரிக்க ராணுவத்தின் உணவு ஆய்வாளர்களே உருவாக்கிய அளவுகோல் இது. ரேஷனுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. மணம், கடிக்கும் தன்மை, சுவை, பின்சுவை நான்குக்கும் தனித்தனியாகப் போடுங்கள். சராசரி எடுத்து ஒரே எண்ணாக்குவதை நிறுத்திவையுங்கள். "சுவை 7, கடிப்பது 3" என்பதில் உள்ள செய்தி "5" என்பதில் இல்லை.

உறையைக் காட்டிய பிறகு இரண்டாவது தாள். இதில் நாக்குக்கு வேலையில்லை: 100 கிராமுக்கு எத்தனை கலோரி, உறையின் எடை எவ்வளவு, ஈரக் கையாலும் தடித்த கையுறையோடும் பிரிக்க முடிகிறதா, எவ்வளவு தூள் சிந்துகிறது, 50 கிராம் தின்ன எத்தனை மில்லி தண்ணீர் குடித்தீர்கள். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. தண்ணீரைத் தோளில் சுமக்கிறவனுக்கு அதுதான் முதல் கேள்வி.

14. மிச்சம் மீதி

பிரித்த சீஸ், பாத்தே, கெட்டிப்பால் அன்றே தீர வேண்டும். பிஸ்கட் காற்றுப்புகா டப்பாவில் ஒரு வாரம் நிற்கும். ரேஷன் உணவில் நார் குறைவு, உப்பு அதிகம். சுவைத்த நாளில் தண்ணீர் அதிகம் குடியுங்கள், இரவு உணவில் காய்கறி இருக்கட்டும்.

சொல்லியும் சூடாக்கி உள்ளே வந்துவிட்டால் அப்படியே குப்பையில் போடாதீர்கள். குப்பை வண்டியில் தண்ணீர் பட்டால் அங்கே சூடேறும். வெளியில், காற்றோட்டமான இடத்தில், அருகே நெருப்பு எதுவும் இல்லாமல், தண்ணீர் ஊற்றி வேலையை முடித்து, ஆறிய பிறகு போடுங்கள். எரிவில்லையை வீட்டுக்குள் எரிக்கக்கூடாது, அதன் புகை நச்சு.

ஒவ்வொரு வகையிலும் ஒரு பாக்கெட்டைப் பிரிக்காமல் தேதி எழுதிக் குளிர்ந்த, இருட்டான இடத்தில் எடுத்துவையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே தாளில், அதே ஆட்களோடு, அதையும் புதிதாக வாங்கிய ஒன்றையும் சேர்த்துச் சுவைத்தால், முதல் முறை கிடைத்த வித்தியாசத்தில் எவ்வளவு நாட்டுடையது, எவ்வளவு வயதுடையது என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.